கைக்கு அடக்கமா ஒரு கத்தி

தொண்டை கட்டலைங்கக்கா. என் குரலே இப்புடித்தான். எல்லாரும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. மிளகு போட்டுப் பால் குடிங்க, சித்தரத்தைய வாயில ஒதுக்கிக்கங்கன்னு வைத்தியமும் சொல்லுவாங்க. அதெல்லாம் தாண்டியாச்சுங்க. இதுக்கு மேல வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. கொஞ்சம் இப்புடிச் சாஞ்சுக்கங்க. பஸ்ஸு சத்தத்துல என் பேச்சு எனக்கே கேக்கறதில்லை.

நீங்க அந்தியூரா? நாங்க பவானி தாண்டுனதும் எறங்கிருவோம்ங்க. அந்தா, டிரைவருக்குப் பொறகால, கட்டம் போட்ட சட்டை. இப்பத் திரும்பிப் பாத்தாரு பாருங்க, அவருதான் எங்க வூட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்களப் பாக்கலை. என்னையத்தான் பாக்கறாரு. அப்புடித்தான் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. ஓடற பஸ்ஸுல இருந்து நான் காணாமப் போயிருவனாட்ட.

கத்தி வாங்கத்தாங்க ஈரோடு போனோம். சிரிக்காதீங்க. மடக்குக் கத்தி. சட்டைப் பையில போட்டுக்கற மாதிரி, கைக்கு அடக்கமா. நானே கூட்டிட்டுப் போனேன். இருந்த கத்தியெல்லாம் வாய்க்கால்ல தூக்கி வீசுனவளும் நான்தான். என்ன கூத்துன்னு கேப்பீங்க. எனக்கே தெரியலைங்கக்கா. அதான் யாருகிட்டயாவது சொல்லலாம்னு இருக்குது.

சுடிதாரு ஷாலு மாட்டிக்கிச்சுங்க எனக்கு. வண்டிச் சக்கரத்துல.

நான் கார்மெண்ட்ஸ்ல தைக்கப் போறவ. அவரு பள்ளிக்கூட வேன் ஓட்டிட்டு இருந்தாரு. காலைல பைக்குல என்னையக் கம்பெனியில எறக்கி வுட்டுட்டு, அப்புடியே போயி வேன் எடுப்பாரு. தெனமும் போற ரோடு. அன்னைக்குப் போட்டிருந்தது நைலான் ஷாலு, எங்க நாத்தனாரு தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது. நெம்ப நல்ல துணி. எத்தன தொவைச்சாலும் நூலு பிரியாது. பொறகால உக்காந்து ஏதோ நாயம் பேசிட்டே போனேன். திடீர்னு கழுத்த யாரோ வெடுக்குனு இழுத்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும். அதுக்கு மேல நெனைப்பில்லை. மத்ததெல்லாம் அங்க இருந்தவங்க சொன்னதுதான்.

ஷாலு சக்கரத்துல சுத்தி, சுத்தி, என் கழுத்து சக்கரத்தோட போயி ஒட்டிக்கிச்சாம். மூஞ்சியெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சாம். எங்க வூட்டுக்காரரு என்ன பண்ணுவாரு, பாவம். கையில ஒண்ணுமில்லை. பல்லுல கடிச்சு இழுத்துப் பாத்தாராம், நைலான் கிழியுமாங்க? அப்பறம் சக்கரத்துக்குப் பக்கத்துல அப்புடியே குத்த வெச்சு உக்காந்துட்டாராம். கல்லாட்ட. அசையக்கூட இல்லையாம். அதிர்ச்சிதாங்க, வேறென்ன. நல்ல வேளைக்குப் புளிய மரத்தடியில எளநி விக்கற மாதேசண்ணன் அருவாளோட ஓடியாந்தாரு. ஒரே வெட்டு. அவரு இல்லைன்னா இன்னைக்கு நான் போட்டோவுல இருந்திருப்பேன், மாலை போட்டு.

ஆசுபத்திரியில டாக்டரு சொன்னாரு, "உனக்கு ஆயுசு கெட்டிம்மா. சுத்துன துணி எப்புடியோ கொஞ்சூண்டு தளந்திருக்குது. அந்தக் கொஞ்சூண்டு மூச்சுலதான் நீ தாக்குப் புடிச்சிருக்கற"ன்னாரு. பண்ணாரியாத்தாதான் தளத்தி வுட்டான்னு, ஒடம்பு தேறுனதும் போயி மொட்டை போட்டுட்டு வந்தேன். அவருக்கும் கீழ விழுந்ததுல கையில அடி. கட்டுப் போட்டிருந்தாங்க. அதொண்ணும் பெருசில்லை, சீக்கிரமே பிரிச்சுட்டாங்க. எனக்குத்தான் கொரலு போச்சு. போனாப் போவுதுங்க. நான் அதயெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன். இப்பச் சேலை கட்டி முந்தானைய இடுப்புல சொருகிக்கறதுகூட பயத்துல இல்லைங்க. எனக்குச் சேலைதான் புடிக்குது. வண்டியில ஏறாம பஸ்ஸுல வாறதும் அப்புடித்தான். பஸ்ஸு சவுரியமா இருக்குது.

மறக்காதது அவருதான்.

சொந்தபந்தம், ஒறம்பரை யாரு வந்தாலும் என்ன ஆச்சுன்னு கேப்பாங்கல்ல? நானும் சொல்லுவேன். இந்தக் கொரலுல எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுஞ் சொல்லுவேன். "இவரு கையில ஒண்ணுமில்லாம உக்காந்துட்டாரு, மாதேசண்ணன்தான் சாமியாட்ட வந்தாரு"ன்னு. மாதேசண்ணன வூட்டுக்குக் கூப்புட்டுக் கறிச்சோறு போட்டு வேட்டி சட்டை வெச்சுக் குடுத்தோம். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவைன்னு இப்பவும் கூப்புடுவேன். கூடப் பொறந்த அண்ணனாட்ட வருவாரு. அவரு வந்தா எங்க வூட்டுக்காரரு செத்த நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. பந்தியில பாதியில போயிருவாருங்க. "ஒரு நன்றி வேண்டாமா இந்த மனுசனுக்கு?"ன்னு எங்க நாத்தனாரே கேக்கும். சொந்தத் தம்பியவே கேக்கும்ங்க.

அப்பறம்தான் இந்தக் கத்திக் கெரகம் புடிச்சுது.

மொதல்ல எங்க அடுப்படிக் கத்தியவே பேப்பர்ல சுத்தி பேண்ட்டுப் பையில வெச்சிருக்காரு. வேன்ல ஏறி உக்காந்தவரு தொடையில குத்திக்கிட்டு நொண்டி நொண்டி வூட்டுக்கு வாறாரு. "எதுக்குங்க இது?"ன்னு கேட்டா, "சும்மா, ஒரு அவசரத்துக்கு"ங்கறாரு. சரி, ஆம்பளைங்க ஏதோ ஒண்ணு பையில வெச்சுக்குவாங்க. அதுக்கப்பறம் தேர்த்திருவிழாக் கடையில ஒரு மடக்குக் கத்தி வாங்குனாரு. செவப்புப் புடி. அதுலயே கத்தரிக்கோலு, நகவெட்டி, டப்பா தொறக்கறது எல்லாம் இருக்குது. நல்லாத்தாங்க இருந்துச்சு. நான்கூட அதுல நகம் வெட்டுனேன். ஒரு வாரம் வெச்சிருந்தாரு. "இது ஆவாது. ஒவ்வொண்ணா நகத்துல நெம்பி எடுக்கோணும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்"னு அலமாரியில போட்டுட்டாரு.

எது முடிஞ்சிரும்னு நான் கேக்கலைங்க. கேட்டா மட்டும் சொல்லவா போறாரு.

அப்பறம் மரப்புடி போட்டது ஒண்ணு. பித்தளைப் பூணு, பாக்கறதுக்கே லட்சணமா இருந்துச்சு. அதுவும் ஆவாதுன்னுட்டாரு, இறுக்கமா இருக்குதாம். எண்ணெய் போட்டாரு, மண்ணெண்ணெய் போட்டாரு. அப்பறம் ஒண்ணு தொளதொளன்னு தானாத் தொறந்துக்குதுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தாரு. பொண்ணுப் பாக்கப் போனப்பக்கூட இவ்வளவு நொட்டை சொல்லலைங்கக்கா இந்த மனுசன். என்னையப் பாத்ததும் சரின்னுட்டாரு.

ஒரு நாளு கம்பெனியில கரண்டு இல்லைன்னு மத்தியானமே வந்துட்டேன். பொறக்கடையில சத்தம். போயிப் பாத்தா, வண்டிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்துல என் பழைய ஷாலச் சுத்தி வெச்சிருக்காரு. இவரு பத்தடி தள்ளி நிக்கறாரு. ஓடியாறாரு. பையில கைய வுடறாரு. கத்திய எடுத்துப் பல்லுல கடிச்சுத் தொறக்கறாரு, சின்னப் புள்ளைங்க முட்டாயப் பிரிக்கற மாதிரி. சக்கரத்துகிட்ட உக்காந்து வெட்டறாரு. மறுபடியும் இன்னொரு ஷாலச் சுத்தறாரு. மறுபடியும் தள்ளிப் போயி நிக்கறாரு. வேர்த்து ஊத்துது.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். என் ஷாலு பூராவும் நாரு நாராக் கெடக்குது. "பைத்தியமா உங்களுக்கு? நல்ல துணியெல்லாம் இப்புடிப் பண்ணி வெச்சிருக்கீங்க?"ன்னு கத்துனேன். கத்துனேன்னா, எங்க கத்தறது. காத்துத்தான் வந்துச்சு. அவரு நிமுந்து பாத்துட்டு, "நேரமாவுது சுகந்தி. தொறக்கறதுக்கே நேரமாவுது"ன்னாரு. அழுவற மாதிரி சொன்னாருங்க. நான் துணியப் பொறுக்கி எடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தோணலை.

அப்பறம் வேன்ல நடந்தது.

எல்கேஜி புள்ளைங்க கழுத்துல அட்டை போட்டுத் தொங்க வுட்டிருக்கும் பாருங்க, பேரு, போட்டோவெல்லாம் போட்டு. சாயந்தரம் ஒரு கொழந்தை எறங்கறப்ப அந்த அட்டைக் கயிறு சீட்டுக் கம்பியில மாட்டிக்கிச்சு. அது படியில கால வெச்சுக்கிட்டு முன்னால இழுக்குது. கயிறு பின்னால இழுக்குது. கழுத்துல இறுகிச் செவந்திருச்சாம். கொழந்தை வீல்னு கத்திருச்சு. அந்தக் கயித்துக்குப் பொறத்தால ஒரு கொக்கி இருக்குமாம், அமுக்குனாக் கழண்டுக்குமாம். தெனமும் பாக்கறவருதானுங்க, அவருக்குத் தெரியாதா? ஆனா அந்த நேரத்துல அது கண்ணுக்குத் தெரியலை. ஒரே தாவு. பையில இருந்து கத்திய எடுத்துப் பல்லுல கடிச்சு, கொழந்தை கழுத்த ஒரு கையில புடிச்சுக்கிட்டு, கயித்த அறுத்து வுட்டாரு.

கொழந்தைக்கு ஒரு கீறலில்லைங்கக்கா. பண்ணாரியாத்தா சத்தியமா ஒரு கீறலில்லை. ஆனா கீழ நின்ன அதோட அம்மா பாத்தது என்ன? வேன் டிரைவரு வாயில கத்தியக் கவ்விக்கிட்டுத் தம்புள்ள கழுத்தப் புடிச்சிருக்கான். அந்தம்மா போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. அந்தம்மாவத் தப்பு சொல்ல முடியுமுங்களா? நானா இருந்தாலும் கத்தியிருப்பேன். கொரலு இருந்தா.

ரெண்டு பேரு சட்டையப் புடிச்சு இழுத்து அடிச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துல அன்னைக்கே நிறுத்திட்டாங்க. ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு கேட்டுக் கம்பெனியில இருந்து ஓடறேன். அங்க ஒரே கூட்டம். புள்ளையப் பெத்தவங்க பேசறாங்க, பள்ளிக்கூடத்து ஆளு பேசறாரு, போலீஸ்காரரு பேசறாரு. நடுவுல இவரு சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தரையப் பாத்துட்டு நிக்கறாரு. ஒதட்டுல ரத்தம். "எதுக்குய்யா கத்தி வெச்சிருந்த?"ன்னு கேக்கறாங்க. வாயே தொறக்கலை. நான் முன்னால போயி, "ஐயா, எனக்குக் கழுத்துல ஷாலு மாட்டுச்சுங்க, அதுல இருந்து இவரு..."ன்னு சொல்றேன். "என்னம்மா?"ங்கறாரு. மறுபடியும் சொல்றேன். "சத்தமாப் பேசும்மா"ங்கறாரு. இதுக்கு மேல எங்க சத்தமாப் பேசறது? சேலைய வெலக்கிக் கழுத்துத் தழும்பக் காட்டறேன். அந்தப் போலீஸ்காரரு என் கழுத்தப் பாக்கறாரு, இவரப் பாக்கறாரு, "இதையும் இவன்தான் பண்ணுனானா?"ன்னு கேக்கறாருங்க.

என்னங்க பண்றது? இல்லை, இல்லைன்னு கைய ஆட்டறேன். வாயில காத்து வருது. கண்ணுல தண்ணி வருது. பேச்சு வரலை.

அப்பறம் எங்க நாத்தனாரு வந்து பேசுச்சு. அதுக்கு நல்ல கொரலு. அடுத்த தெருவுக்குக் கேக்கும். எல்லாஞ் சொல்லி, "என் தம்பி அன்னைக்குக் கையில ஒண்ணுமில்லாம மரம் மாதிரி உக்காந்துட்டான், அந்தக் கிறுக்குல இப்புடிச் சுத்தறான் சாமி"ன்னு காலுல விழாத கொறையாச் சொன்னதுக்கப்பறம் வுட்டாங்க. கத்திய வாங்கி வெச்சுக்கிட்டு, இனிமே பையில கத்தியோட பாத்தா கேஸு போட்டு உள்ள தள்ளிருவோம்னு சொல்லி அனுப்புனாங்க. நாத்தனாரு புண்ணியத்துல தப்பிச்சோம். வூட்டுக்கு வந்த ஒடனே அலமாரியில இருந்ததெல்லாம் வாரிக்கிட்டுப் போயி வாய்க்கால்ல வீசுனேன். அவரு பாத்துட்டேதான் இருந்தாரு. தடுக்கலை.

விட்டுது சனின்னு நெனைச்சேன். ஆனா அதுக்கப்பறம் அவரு மனுசனாவே இல்லைங்க. வேற வேலைக்கும் போவலை. லாரி செட்டுல கூப்புட்டாங்க, போவலை. வண்டிய எடுக்கறதில்லை, டயருல காத்து எறங்கிப் போயி நிக்குது. நான் கம்பெனிக்குப் போனா கூடவே பஸ்ஸுல வருவாரு. முன்னால உக்காந்துக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல வேப்ப மரத்தடியில சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. கூட வேலை செய்யற புள்ளைங்க சிரிக்குதுங்க. "அக்கா, உங்களுக்குக் காவலாக்கா?"ன்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்ல? வர வேண்டாம்னா கேக்க மாட்டாரு. சண்டை போட எனக்குத் தொண்டையில்லை. அவருக்குப் பேச்சில்லை. நல்ல குடும்பம்.

போன ஞாயித்துக்கெழமை மாவாட்டிட்டு இருந்தேன். கிரைண்டருதான். மேல போட்டிருந்த துண்டு நழுவி முன்னால தொங்கிருக்குது, எனக்குத் தெரியலை. எங்க இருந்துதான் பாத்தாரோ, பாஞ்சு வந்து ஒயரப் புடிச்சு இழுத்தாரு பாருங்க. ப்ளக்கு, சுவத்துல இருந்த பொட்டி எல்லாமே பேந்து வந்திருச்சு. மாவெல்லாம் தரையில. நான் மெரண்டு போயி நிக்கறேன். அவரு அந்த மாவுலயே உக்காந்துக்கிட்டுக் கைய விரிச்சு என்கிட்டக் காட்டறாரு. "பாரு. ஒண்ணுமில்லை. இன்னைக்கும் கையில ஒண்ணுமில்லை சுகந்தி"ன்னு ஏங்கி ஏங்கி அழுவறாரு. கண்ணாலம் ஆனதுல இருந்து அவரு அழுது நான் பாத்ததில்லைங்கக்கா.

அதான். கத்தி இருந்தாலும் கஷ்டம், இல்லைன்னாலும் கஷ்டம். ஒழியட்டும், ஒண்ணு வாங்கிக் குடுத்துருவோம், போலீஸு வந்தா வரட்டும்னு இன்னைக்கு நானே கூட்டிட்டுப் போனேன். மணிக்கூண்டுக்கிட்ட ஒரு பாய் கடை, கத்தி, அருவாமனை எல்லாம் வெச்சிருப்பாரு. நல்லா வயசான பாய். இவரு உள்ள வர மாட்டேன்னு படியிலயே நின்னுக்கிட்டாரு. நான் போயிக் கேட்டேன். "கைக்கு அடக்கமா ஒரு மடக்குக் கத்தி வேணுங்க. போலீஸு பாத்தாத் தப்பா நெனைக்கக் கூடாது. மொனை கூரா இருக்கக் கூடாது. சின்னதா இருக்கோணும். ஆனா நைலான் துணிய ஒரே இழுப்புல அறுக்கோணும். சட்டுனு தொறக்கோணும்"னேன்.

பாய் என் வாய்க்கிட்டக் காதக் குடுத்துக் கேட்டாரு. "என்ன தங்கச்சி, இத்தன கண்டிசன் போடற? எதுக்கு?"ன்னாரு. சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். அவரு கண்ணாடிப் பொட்டியத் தொறந்து நாலஞ்ச எடுத்து வெச்சாரு. பட்டன அமுக்குனா டப்புனு தொறக்கறது ஒண்ணு இருந்துச்சு. "இது வேண்டாம்மா, இதப் பாத்தாலே புடிப்பாங்க"ன்னு அவரே உள்ள வெச்சுட்டாரு. ஒண்ணு நெம்ப மெலிசு, பழம் வெட்டத்தான் ஆவும். ஒண்ணு மொனை மழுங்கலா, வாயி அலை அலையா இருந்துச்சு. தகட்டுல ஒரு ஓட்டை. கட்டைவிரல அதுல வெச்சுத் தள்ளுனாத் தொறந்துக்கும். நான் பையில இருந்து அந்தத் துணிய எடுத்தேன். ஆமாங்க, அந்த ஷாலுதான். மிச்சத்த வெச்சிருந்தேன். ஏன் வெச்சிருந்தேன்னு கேக்காதீங்க. பாய் அத இழுத்துப் புடிச்சு அந்தக் கத்தியால ஒரு இழுப்பு இழுத்தாரு. சர்ருன்னு போச்சு.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க. செத்த நேரம் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டேன். வெயில்தான், வேறொண்ணுமில்லை. தண்ணி குடுத்தாங்க. நான் உக்காந்ததப் பாத்துட்டு அவரு படியேறி உள்ள ஓடியாந்துட்டாரு.

"வாங்க தம்பி, கையில புடிச்சுப் பாருங்க"ன்னாரு பாய். எடக்கையில வாங்குனாரு. தொறக்க வரலை, நழுவுது. "எடக்கைப் பழக்கமா?" "இல்லீங்க." "அப்ப வலது கையில புடிங்க." இவரு வாங்கவே இல்லை. வலது கைய வேட்டி மடிப்புல வெச்சுக்கிட்டு நிக்கறாரு. பாய் எந்திரிச்சு வந்து, அந்தக் கையப் புடிச்சு வெளிச்சத்துக்குக் கொண்டு போனாரு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிப் பாத்தாரு. மடங்கலைங்கக்கா. குச்சியாட்ட நிக்குது ரெண்டும். நகமே இல்லை ஒண்ணுல.

நான் பாத்துட்டே உக்காந்திருக்கேன். அந்தக் கைக்குத் தெனமும் சோறு போடறவ நான். கட்டப் பிரிச்சதும் ஆறிப் போச்சுன்னு நெனைச்சேன். கரண்டியில சாப்புடறாரே, சரி, டவுன் பழக்கம் வந்துருச்சுன்னு நெனைச்சேன்.

"இது எப்புடி ஆச்சு?"ன்னு பாய் கேட்டாரு.

"சக்கரத்துலங்க."

"எந்தச் சக்கரத்துல?"ன்னு நான் கேட்டேன். என்னையப் பாக்கலை, பாயப் பாத்துத்தான் சொன்னாரு. "துணி அவுக்க வரலைங்க. பல்லுலயும் கிழியலை. சக்கரத்தப் பொறத்தால தள்ளுனாக் கொஞ்சம் தளரும்னு தள்ளுனேன். தளந்துச்சு. இவளுக்கு மூச்சு சத்தம் கேட்டுச்சு. கைய எடுத்தா மறுபடியும் இறுகிக்குது. அதனால செயினுக்குள்ள விரல வுட்டு அப்புடியே புடிச்சுக்கிட்டேன். அசைஞ்சாச் சக்கரம் உருளுது. அதான் அசையாம உக்காந்திருந்தேன். எளநிக்காரரு அருவாள ஓங்கிக்கிட்டுக் 'கைய எடுய்யா, கைய எடுய்யா'ன்னு கத்துனாரு. எப்புடிங்க எடுக்கறது?"

பாய் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு.

"ஏங்க, இத ஏன் என்கிட்டச் சொல்லலை?"ன்னேன். கோவமாத்தான் கேட்டேன். எனக்கு வேற எப்புடிக் கேக்கறதுன்னு தெரியலை.

"சொல்லி என்ன ஆவப் போவுது. வெட்டுனது அவருதானே"ன்னாரு.

நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலைங்கக்கா. பாத்தவங்க சொன்னதத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். அசையாம உக்காந்திருந்தாருன்னு அவங்க சொன்னாங்க, நானும் சொன்னேன். அவருதான் பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டு இருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இல்லீங்களா? நீங்க ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?

கத்தியா? எந்தக் கத்தியும் அவரு கைக்கு ஆவலை. பாயும் எதெதையோ எடுத்துப் பாத்தாரு. எடக்கையில பழகிக்கலாம் தம்பி, மெதுவா வந்துரும்னாரு. இவரு தொறந்து தொறந்து பாக்கறாரு, வர மாட்டேங்குது. அந்த ஓட்டை வெச்ச கத்திய நான் சும்மா வாங்கிப் பாத்தேன். கட்டைவிரல வெச்சேன். டக்குனு தொறந்துக்கிச்சுங்க. மொதத் தடவையே. தெனமும் மெசினுல நூலறுக்கற கையி பாருங்க. அவரு அதையே பாத்துட்டு நின்னாரு. "நீயே வெச்சுக்க"ன்னாரு. படியெறங்கிப் போயிட்டாரு.

இப்ப என் பையில இருக்குதுங்க. இத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? அவரு வேலைக்குப் போவாரா, வண்டி எடுப்பாரா, ஒண்ணுந் தெரியலை. மாதேசண்ணன ஆடிக்குக் கூப்புடறதா வேண்டாமான்னுகூடத் தெரியலை. கூப்புட்டா அவருகிட்ட என்னன்னு கேக்கறது? கைய எடுக்கச் சொன்னீங்களாமே, எங்ககிட்ட ஏன் சொல்லலைன்னா? அவரும் பாவம், நாங்க போட்ட சோத்தத் தின்னுட்டுப் போறவரு.

பவானி வந்துருச்சுங்களா? பேசிட்டே வந்ததுல தெரியலை. அடுத்த ஸ்டாப்புதான் எங்களுது. பாருங்க, அதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு. எப்பவும் அவருதான் மொதல்ல எறங்குவாரு. எறங்கிக் கீழ நின்னு கைய நீட்டுவாரு. நான் அதப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்குவேன். இந்தப் படி ஒசரம், எனக்குத் தலை சுத்தும். முழு ஒடம்பையும் அந்தக் கையிலதான் போட்டு எறங்குவேன்.

எந்தக் கையிங்க அது? தெனமும் புடிக்கறேன். கடையில இருந்து யோசிச்சுட்டே வாறேன், நெனைப்பு வர மாட்டேங்குதுங்கக்கா. எடக்கையா, வலது கையா?

இருங்க கண்டக்டரு, எறங்கோணும்... விசிலடிச்சுராதீங்க. எறங்கறேன்.